ஸ்கேனில் மெனிஞ்சியோமா, பயாப்சியில் லிம்போமா: எதை நம்புவது?

வாலாஜாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது. நாலைந்து மாதமாகத் தலைவலி, ஒருநாள் காலையில் வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. எம்ஆர்ஐ எடுத்ததில் மூளையின் மேலுறையை ஒட்டி ஒரு கட்டி, ‘மெனிஞ்சியோமா’ என்று எழுதியிருந்தார்கள், பயப்பட வேண்டாத கட்டி என்றும் சொன்னார்கள். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. அப்புறம் வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் ‘மார்ஜினல் ஜோன் லிம்போமா’ என்று இருக்கிறது. லிம்போமா என்பது லிம்போசைட் எனும் வெள்ளை அணுக்களில் வரும் புற்று, மார்ஜினல் ஜோன் அதில் மெதுவாக வளரும் ஒரு வகை. ஸ்கேன் பார்த்தவர் தப்பா, லேப் தப்பா, ஆபரேஷனே வேண்டாமாக இருந்ததா, இது டிபியாகத்தான் இருக்கும் என்று மாமா சொல்கிறாரே அது சரியா, தோல் தொழிற்சாலைத் தண்ணீர் குடித்ததால் வந்ததா என்று வரிசையாகக் கேட்கிறார். கேள்வி ஐந்து என்றாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். இந்தப் பயாப்சி ரிப்போர்ட்டை நம்பி அம்மாவை அடுத்த வைத்தியத்துக்குக் கூட்டிப்போகலாமா? அதற்குத்தான் இங்கே பதில், மற்றவற்றை வழியில் தொட்டுக்கொள்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் பாத்தாலஜி, அதாவது சதையைச் சோதித்து நோய்க்குப் பெயர் சொல்லும் படிப்பு படித்தவன், வேலூர்ப் பக்கம் பல வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பிழைப்பவன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. உங்கள் அம்மாவின் ஸ்லைடை நான் பார்க்கவும் இல்லை. அதனால் ‘உங்கள் அம்மாவுக்கு இதுதான்’ என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன். இந்த நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எந்த இடத்தில் ஏமாறுகிறார்கள், உங்கள் கையிலிருக்கும் தாளில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

மூளையைச் சுற்றி மூன்று உறைகள். வெளியே மண்டை ஓட்டை ஒட்டித் தடித்த உறை, அதுதான் டியூரா. அதற்கு அடியில் மெல்லிய இரண்டு உறைகள், அவற்றுக்கு நடுவில் மூளைத் தண்ணீர். மெனிஞ்சியோமா என்பது நடு உறையின் செல்களிலிருந்து கிளம்பி டியூராவில் ஒட்டிக்கொண்டு வளர்வது. தலைக்குள் தொடங்கும் கட்டிகளில் மூன்றில் ஒன்று அளவுக்கு இதுதான், அதிலும் நடுவயதுப் பெண்களுக்கு அதிகம். டியூராவில் வரும் இந்த வகை லிம்போமா அபூர்வத்திலும் அபூர்வம், ஒரு பாத்தாலஜிஸ்ட் தன் வேலைக்காலம் முழுக்கப் பார்ப்பதை விரல் விட்டு எண்ணிவிடலாம். வேடிக்கை என்னவென்றால் அதுவும் நடுவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, அதே இடத்தில் அதே உருவத்தில் உட்காருகிறது, தலைவலியும் வலிப்பும் என்று அதே தொந்தரவைத்தான் கொடுக்கிறது. ஸ்கேன் மருந்து ஏற்றினால் இரண்டும் ஒரே சீராகப் பளிச்சென்று தெரியும். கட்டியின் ஓரத்திலிருந்து டியூரா வழியாக வால் மாதிரி ஒரு கோடு நீளும், அதை ‘டியூரல் டெயில்’ என்பார்கள், ஒருகாலத்தில் அது இருந்தால் மெனிஞ்சியோமாதான் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. இப்போது தெரியும், லிம்போமாவிலும் அந்த வால் வரும், டிபியிலும் வரும், மார்பகப் புற்று டியூராவுக்குப் பரவினாலும் வரும்.

ஸ்கேனில் சந்தேகம் வரவைக்கும் குறிப்புகள் சில இருக்கத்தான் செய்கின்றன. லிம்போமாவில் செல்கள் நெருக்கமாக அடைந்து கிடப்பதால் டிஃப்யூஷன் படத்தில் தண்ணீர் நகராமல் கட்டுப்பட்டுத் தெரியும், டி2 படத்தில் கொஞ்சம் கறுத்திருக்கும். சுண்ணாம்பு படிவது அபூர்வம். உருண்டையாக நிற்காமல் உறையோடு தட்டையாகப் படர்ந்திருக்கும், சில சமயம் ஓரம் மங்கி மூளைப் பக்கம் ஊடுருவும். மெனிஞ்சியோமாவில் ரத்த ஓட்டம் அதிகம், சுண்ணாம்பு இருக்கலாம், மேலே இருக்கிற எலும்பு தடித்திருக்கலாம். ஆனால் இதெல்லாம் சாய்வுதான், தீர்ப்பு இல்லை. செல்கள் நெருக்கமான மெனிஞ்சியோமாவும் டிஃப்யூஷனில் கட்டுப்படும். ஆகவே உங்கள் அம்மாவின் ஸ்கேனைப் பார்த்து மெனிஞ்சியோமா என்று எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் படத்தை நூறு ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்தாலும் ஏறக்குறைய எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள், எழுதுவதும் நியாயம். ‘லிம்போமாவும் இருக்கலாம்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆபரேஷன் வீணா என்றால், இல்லை. மூளையை அழுத்திய கட்டி போயிருக்கிறது, பெயர் தெரிவதற்கான சதையும் கிடைத்திருக்கிறது. முன்கூட்டியே லிம்போமா என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தியிருக்கலாம் என்பது உண்மை, ஆனால் தெரிந்திருக்க வழி இல்லை.

இப்போது என் மேஜைக்கு வருவோம். ஆபரேஷன் நடக்கும்போதே சர்ஜன் ஒரு சிறு துண்டை சலைனில் நனைத்த துணியில் வைத்து அனுப்புவார், கூடவே ‘மெனிஞ்சியோமா?’ என்று கேள்விக்குறி போட்ட சீட்டு. அதில் ஊசிமுனை அளவு எடுத்து இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து நசுக்கி இழுத்து, சாயம் போட்டுப் பார்ப்போம். மெனிஞ்சியோமா என்றால் செல்கள் ஒன்றையொன்று விடாமல் கொத்துக் கொத்தாக வரும், சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருக்கும். லிம்போமா என்றால் கண்ணாடியில் கேழ்வரகைக் கொட்டினது மாதிரி, ஒன்றோடு ஒன்று ஒட்டாத சின்னச் சின்ன உருண்டைகள், கொஞ்சம் அழுத்திவிட்டால் நீலக் கோடாக இழுபட்டுப்போகும். இந்த இடத்தில்தான் பாத்தாலஜிஸ்டுக்கு வேர்க்கும். ஏனென்றால் இது வெறும் வீக்கத்தில் கூடும் சாதாரண லிம்போசைட்டாகவும் இருக்கலாம், லிம்போசைட்டும் பிளாஸ்மா செல்லும் மொய்க்கும் ஒரு மெனிஞ்சியோமா வகையும் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் போன் செய்து ‘லிம்போமா’ என்று சொல்லக் கூடாது. ‘லிம்போசைட் நிறைய இருக்கு சார், மெனிஞ்சியோமா மாதிரி இல்லை, இன்னும் கொஞ்சம் சதை அனுப்புங்க, ஃபார்மலின் போடாம தனியா ஒரு துண்டும் குடுங்க’ என்று சொல்வதுதான் சரி. ஃபார்மலின் என்பது சதை கெடாமல் வைக்கும் திரவம். அதில் போடாத துண்டு இருந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் (செல்லை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு வகை பிரிக்கும் சோதனை), டிபி கல்ச்சருக்கும் அனுப்பலாம். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அந்த இரண்டு வாசலும் மூடிவிடும்.

மிச்ச சதை 10 சதவீத ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து ‘பிளாக்’ ஆகி, மூன்று நான்கு மைக்ரான் மெல்லிசாகச் சீவப்பட்டு ஸ்லைடில் ஏறும். முதல் சாயத்தில் உருவம் மட்டும் தெரியும். பெயர் சொல்ல இம்யூனோ, அதாவது ஐஎச்சி வேண்டும், செல்லின் மேல் இருக்கும் அடையாளங்களுக்கு ஒவ்வொன்றாகச் சாயம் போட்டுப் பார்ப்பது. உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். சிடி20 பாசிட்டிவ் என்று இருக்க வேண்டும், அது பி செல்லுக்கான அடையாளம் (லிம்போசைட்டில் பி, டி என்று இரண்டு முக்கிய வகை), சிடி79ஏ அல்லது பாக்ஸ்5 கூட இருக்கலாம். சிடி3 என்பது டி செல், அது நடுநடுவே கொஞ்சம் இருப்பது சகஜம். சிடி5, சிடி10, சைக்ளின் டி1 மூன்றும் நெகட்டிவ் என்று இருந்தால் வேறு சில சிறுசெல் லிம்போமாக்கள் இல்லை என்று அர்த்தம். கேஐ67 என்பது எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்ற கணக்கு, இந்த வகையில் அது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், ஒற்றை இலக்கத்திலோ அதை ஒட்டியோ. 60, 70 என்று போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள், அது பெரிய செல் லிம்போமாவாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

எல்லாவற்றையும்விட நான் தேடுவது கப்பா, லாம்டா என்ற இரண்டு. பி செல் செய்யும் ஆன்டிபாடியின் இரண்டு வகைகள் அவை, ஒரு செல் ஏதாவது ஒன்றைத்தான் செய்யும். சாதாரண வீக்கத்தில் இரண்டு வகை செல்லும் கலந்து இருக்கும், கப்பா இரண்டுக்கு லாம்டா ஒன்று என்ற மாதிரி. லிம்போமா என்றால் ஒரே செல்லின் வாரிசுகள்தான் எல்லாம், அதனால் ஏதாவது ஒன்று மட்டுமே நிறைந்து நிற்கும். அப்படி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் ‘வெறும் வீக்கம்’ என்ற வாதம் ஏறக்குறைய முடிந்தது. சாயம் தெளிவாக வரவில்லை என்றால் பிளாக்கிலிருந்தே டிஎன்ஏ எடுத்து, எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகளா என்று காட்டும் ஐஜிஎச் ஜீன் சோதனை செய்து பார்க்கலாம், ஆனால் அது மட்டுமே பாசிட்டிவ் என்பதை வைத்து லிம்போமா என்று சொல்லிவிடக் கூடாது, சின்னத் துண்டில் அது பொய்யாகவும் காட்டும். ஐஜிஜி4 நோய் என்று புற்று அல்லாத ஒரு வீக்க நோய் உண்டு, அதுவும் டியூராவைத் தடிக்க வைக்கும், ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும். குழப்பம் என்னவென்றால் டியூரா லிம்போமாவிலேயே சிலவற்றில் ஐஜிஜி4 சாயம் பிடிக்கும். ஆகவே ஐஜிஜி4 பாசிட்டிவ் என்ற ஒரு வார்த்தையைப் பார்த்து ‘அப்பாடா, கேன்சர் இல்லை’ என்று முடிவு கட்டவும் கூடாது. இந்த லிம்போமா டியூராவில் வரும் என்பதையே 1997 வாக்கில்தான் ஒழுங்காக எழுதி வைத்தார்கள். வயிற்றில் வருவதை 1983லேயே ஐசக்சன், ரைட் என்ற இரண்டு பாத்தாலஜிஸ்டுகள் விவரித்திருந்தார்கள், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். லிம்போசைட்டே வழக்கமாகத் தங்காத டியூராவில் இது ஏன் கிளம்புகிறது என்பதற்கு ஊகங்கள் உண்டு, உறுதியான பதில் இல்லை.

சரி, மாமாவின் டிபிக்கு வருகிறேன். அவரைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. நம் ஊரில் மூளை உறை தடித்திருக்கிறது, தலைவலி, லேசாகக் காய்ச்சல், எடை குறைவு என்று வந்தால் முதலில் டிபியை நினைக்காத டாக்டர் நல்ல டாக்டர் இல்லை. டிபி மூளைக்காய்ச்சலை ஒருநாள் தள்ளிப்போட்டாலும் ஆபத்து என்பதால், நிரூபணம் வருவதற்கு முன்பே டிபி மாத்திரையும் கூடவே டெக்ஸா எனும் ஸ்டீராய்டும் ஆரம்பித்துவிடுவார்கள். பல சமயம் அதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டீராய்டு லிம்போமா செல்லையும் கொல்லும். ஒரு வாரத்தில் தலைவலி போய்விடும், ஆள் எழுந்து சாப்பிடுவார், மறு ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கும், வீட்டில் எல்லாரும் ‘டிபி மருந்து கேட்குது’ என்பார்கள். கேட்டது டிபி மாத்திரைக்கு இல்லை, டெக்ஸாவுக்கு. ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வரும்போது இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் திரும்ப வரும், ‘மருந்துக்குக் கட்டுப்படாத டிபி’ என்று பெயர் மாறும், அப்புறம்தான் யாரோ ஒருவர் சதை எடுத்துப் பார்க்கலாம் என்பார். அதற்குள் செல்கள் பாதி கரைந்து, ஸ்லைடில் செத்த சதையும், அதைத் தின்ன வந்த மேக்ரோஃபேஜ் செல் நாலும் மட்டும் இருக்கும், நாங்கள் ‘முடிவு சொல்ல முடியவில்லை’ என்று எழுதிக் கொடுப்போம். டிபி வைத்தியத்தில் முன்னேற்றம் வந்தது என்பது டிபிக்குச் சாட்சி ஆகாது, கூட ஸ்டீராய்டு ஓடியிருந்தால். இதை எவ்வளவு தடவை சொன்னாலும் போதாது. மூளை அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து என்றால் டெக்ஸா போட்டுத்தான் ஆக வேண்டும், அங்கே தத்துவம் பேச முடியாது. அவசரம் இல்லாதபோது, லிம்போமா சந்தேகம் துளி இருந்தாலும், முதலில் சதை, அப்புறம் ஸ்டீராய்டு.

உங்கள் அம்மா விஷயத்தில் ஆபரேஷனுக்கு முன் வீக்கம் குறைய டெக்ஸா போட்டிருப்பார்கள், மெனிஞ்சியோமா என்று நினைத்தால் அது வழக்கம்தான். மெதுவாக வளரும் இந்த வகை அதில் முழுதும் கரைந்துபோவது அபூர்வம், ரிப்போர்ட்டில் செல்லைத் தெளிவாக விவரித்திருக்கிறார்கள் என்றால் கவலை இல்லை. டிபி என்றால் ஸ்லைடில் கிரானுலோமா, அதாவது கிருமியைச் சுற்றி வளைத்த செல் கூட்டம் இருக்க வேண்டும், சீஸ் மாதிரி உதிரும் செத்த பகுதி இருக்கலாம், டிபி கிருமியைத் தேடும் ஏஎஃப்பி சாயம் போட்டிருப்பார்கள். ரிப்போர்ட்டில் ‘கிரானுலோமா இல்லை, ஏஎஃப்பி நெகட்டிவ்’ என்று வரி இருக்கிறதா பாருங்கள். இருந்து, பி செல் ஒருபக்கச் சாய்வும் காட்டியிருந்தால் மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம்.

இதில் இன்னொரு கிளை உண்டு, அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்டியாக இல்லாமல் உள்ளே இருக்கிற மெல்லிய உறைகளில் மட்டும் படரும் லிம்போமா. அதில் ஸ்கேனில் ஒரு மெல்லிய கோடுதான் தெரியும், சிலசமயம் அதுவும் தெரியாது. முதுகுத் தண்ணீர் எடுத்தால் புரதம் அதிகம், சர்க்கரை குறைவு, லிம்போசைட் அதிகம், அச்சு அசலாக டிபி மாதிரியே. டிபிக்காகப் பார்க்கும் ஏடிஏ என்ற என்சைம்கூட ஏறியிருக்கும். டிபி கிருமியின் ஜீனைத் தேடும் சிபிநாட் சோதனை நெகட்டிவ் என்பதால் டிபி இல்லை என்றும் ஆகாது. அங்கே எங்களுக்கு வேண்டியது நிறையத் தண்ணீர், முடிந்தால் 10 மில்லி, அதுவும் எடுத்த சூட்டோடு லேபுக்கு வர வேண்டும், மேஜையில் அரை நாள் கிடந்தால் செல்கள் கெட்டுவிடும். முதல் தடவை நெகட்டிவ் என்றால் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எடுக்க வேண்டியிருக்கும், ஃப்ளோ சைட்டோமெட்ரியும் சேர்த்தால் பிடிபடும் வாய்ப்பு கூடும். ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்’ என்று நம் பக்கம் ஒரு பயம் இருக்கிறது, முதல் தடவைக்குச் சம்மதித்தவர்களும் இரண்டாம் தடவைக்கு எழுந்து போய்விடுவார்கள். ஊசி போடும் இடம் தண்டுவடம் முடிந்து அதற்கும் கீழே, அந்தப் பயத்துக்கு இடமில்லை. ஒருசில நாள் தலைவலி வரலாம். உங்கள் அம்மாவுக்கும் பரவலைப் பார்ப்பதற்காக இதைக் கேட்டால் மறுக்காதீர்கள்.

இன்னோர் இடத்தில் காட்டலாமா என்றால், கட்டாயம் காட்டுங்கள். இது அந்த லேப்பை அவமதிப்பதும் இல்லை, சந்தேகப்படுவதும் இல்லை, அபூர்வமான நோய்க்கு நாங்களே பக்கத்து மேஜைக்காரரிடம் ஸ்லைடைத் தள்ளி ‘என்ன சொல்றீங்க?’ என்று கேட்கிறவர்கள்தான். நியூரோ பாத்தாலஜியும் லிம்போமாவும் தெரிந்தவர்கள் இருக்கும் இடமாகப் பாருங்கள். இந்தியாவில் முதல் நியூரோசர்ஜரி துறையை 1949ல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது நம் வேலூர் சிஎம்சியில்தான். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிறார்கள், வாலாஜாவிலிருந்து நீங்கள் பஸ் ஏறினால் போதும். போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் பிரயோஜனம் இல்லை. ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பாத்தாலஜியில் எழுதிக் கொடுத்து ஸ்லைடும் பாரஃபின் பிளாக்கும் வாங்குங்கள், பிளாக்கில் ஒட்டியிருக்கும் நம்பரும் ரிப்போர்ட்டில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று அங்கேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். சித்திரை வைகாசி வெயிலில் வண்டி டிக்கியில் வைக்காதீர்கள், மெழுகு இளகும், டிபன் டப்பாவில் பஞ்சு வைத்துக் கையில் எடுத்துப் போங்கள். எம்ஆர்ஐ படங்கள் பதிந்த சிடி தட்டும் வேண்டும், ஃபிலிம் மட்டும் போதாது.

தோல் தொழிற்சாலைத் தண்ணீர் விஷயம். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் பாலாறும் கிணறும் கெட்டுப்போனதை நான் மறுக்கவில்லை, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஹெக்சாவேலண்ட் குரோமியம் என்ற நச்சு வகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் தொடர்பு நிரூபணமானது. ஆனால் டியூரா லிம்போமாவுக்கும் அந்தத் தண்ணீருக்கும் தொடர்பு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இவ்வளவு அபூர்வமான நோயில் அப்படி ஒரு தொடர்பைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். அம்மா சாப்பிட்டதாலோ நீங்கள் கவனிக்காததாலோ வந்தது இல்லை, அதை மட்டும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து என்ன செய்வார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரம் ஆங்காலஜிஸ்ட் சொல்வார். இது டியூராவில் தொடங்கியதா, உடம்பில் வேறெங்கோ இருந்து அங்கே வந்ததா என்று பார்க்க பெட் சிடி ஸ்கேன், எலும்பு மஜ்ஜை, எச்ஐவி சோதனை எல்லாம் கேட்பார்கள். அங்கே மட்டும்தான் என்றால், ‘மூளை லிம்போமா’ என்று கூகுளில் தேடிப் பயந்திருந்தால், அது இது இல்லை. அது மூளைச் சதைக்குள் வரும் வேகமான வகை, அதற்கு மெத்தோட்ரெக்சேட் எனும் கீமோ மருந்து அதிக அளவில் வேண்டும். இதற்கு ஆபரேஷனோடு குறைந்த அளவு ரேடியேஷன், பொதுவாக 24 முதல் 30 கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு) வரைக்குள், பெரும்பாலானவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது, நல்ல பலனும் இருக்கிறது. பல வருடம் கழித்து வேறு இடத்தில் திரும்ப வரலாம் என்பதால் வருடக்கணக்கில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பி செல்லைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து போடுவதாக முடிவானால் அதற்கு முன் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று நீங்களே கேளுங்கள், கல்லீரலில் தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸை அந்த மருந்து எழுப்பிவிடும். கட்டிதான் எடுத்தாயிற்றே என்று வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதை எப்போது குறைப்பது என்று நியூரோ டாக்டர் சொல்லட்டும்.